காதலுக்குள் வன்முறை: நாம் ஏன் பேசத் தயங்குகிறோம்?

(மாணவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் இருந்து சாதியின் தோற்றம், இடஒதுக்கீட்டு வரலாறு, ஆணவக் கொலைகள் என்று கனமான வகுப்புகளைக் கேட்டுவிட்டு, இப்போது சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் பேச வருகிறவர் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். எனக்குக் கொடுத்த தலைப்பு 'பாலியல் வன்முறையைத் தடுப்பதில் இளைஞர்களின் பங்கு'. பெரிய தலைப்பு. அதில் நாம் வழக்கமாகப் பேசாத ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இருட்டில் வழிமறிக்கிற முகம் தெரியாதவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச நினைப்பது காதலனாக, நண்பனாக, இணையராக இருப்பவர் செய்கிற வன்முறையைப் பற்றி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், காதலிப்பதாகச் சொன்னவர், திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னவர். அப்படியிருக்க, "ராத்திரியில் வெளியே போகாதே" என்று பெண்களுக்கு அறிவுரை சொல்வதால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்?

ஒரு நிகழ்ச்சியோடு தொடங்குகிறேன். எனக்குப் பெருமை தருகிற நிகழ்ச்சி இல்லை. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்லமாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இணையருக்குச் சாதி மறுப்புத் திருமணம் செய்து வைத்தோம். அந்தப் பெண் கல்லூரி இறுதியாண்டுத் தேர்வு எழுதி முடித்த கையோடு வீட்டை விட்டு வந்திருந்தாள். அவள் வீட்டார் இரண்டு வேன்களில் ஆள் ஏற்றிக்கொண்டு தேடினார்கள். மூன்று நாள் ஒரு தோழர் வீட்டு மாடியில் இருவரையும் தங்கவைத்தோம். காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்தோம். மாலை மாற்ற வைத்து, பதிவும் செய்தோம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அன்று இரவு அங்கிருந்த எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு மாலை நேரத்தில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நல்ல சித்திரை வெயில். முழுக்கை வைத்த சுடிதார் போட்டிருந்தாள். தண்ணீர் டம்ளரை வாங்கக் கை நீட்டியபோது மணிக்கட்டுக்கு மேலே பார்த்தேன். "எப்ப இருந்தும்மா?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு தடவ அக்கா" என்றாள். காதலித்த காலத்திலேயே, பேருந்து நிறுத்தத்தில் கூடப் படிக்கிற பையனோடு சிரித்துப் பேசினாள் என்று கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவள் போனுக்கு யார் அழைத்தாலும் அவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். திருமணத்துக்குப் பிறகு அது அடியாக மாறியிருக்கிறது. விருப்பம் இல்லாத இரவுகளைப் பற்றியும் சொன்னாள். பாதிதான் சொன்னாள். மீதி எனக்குப் புரிந்தது.

நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பொறுத்துப் பாரும்மா. நாங்க அவன்கிட்ட பேசுறோம். இப்ப நீ பிரிஞ்சு வந்தா உங்க ஆளுங்க என்ன சொல்வாங்க? சாதி விட்டுச் சாதி போனா இப்படித்தான்னு சிரிக்க மாட்டாங்களா?"

மேடைதோறும் பெண் விடுதலை பேசுகிற நான்தான் இதைச் சொன்னேன். அவள் பதில் எதுவும் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தோழர்களே, அன்று நான் யாரைக் காப்பாற்ற நினைத்தேன்? அந்தப் பெண்ணை நினைக்கவே இல்லை. நம் இயக்கத்தின் பெயர் கெடக்கூடாது என்று நினைத்தேன். சாதிக்காரன் 'குடும்ப மானம்' என்பான். நான் அதே மானத்துக்கு 'இயக்கம்' என்று வேறு பெயர் வைத்து அவள் தலையில் ஏற்றினேன்.

ஏன் இந்தத் தயக்கம் வந்தது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடினார்கள், கொளுத்தினார்கள். அந்தக் காலத்தில்தான் 'நாடகக் காதல்' என்ற அவதூறு ஊர் ஊராகப் பரப்பப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்கள் திட்டம் போட்டுப் பெண்களை ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு கதை. அதற்கு எதிராகக் காதலைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆகவே காதலுக்குள்ளும் அடி உண்டு, மிரட்டல் உண்டு என்று நாமே சொன்னால், அந்தச் சொல்லை எடுத்து நம்மையே அடிப்பார்களே என்று பயந்தோம்.

நான் சொன்ன இணையர் எந்தெந்தச் சாதி என்று உங்களில் சிலருக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். சொல்லமாட்டேன். சொன்னால் அடித்த கையை விட்டுவிட்டுச் சாதியைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். சொந்தச் சாதியில், ஜாதகம் பார்த்து, பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்த திருமணங்களின் நிலை என்ன? 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள். பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேர். நம் நாட்டில் பெரும்பாலான திருமணங்கள் சொந்தச் சாதிக்குள் நடப்பவைதான். அப்படியானால் இந்த அடியெல்லாம் எங்கே விழுகிறது? பெண்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பும் சாதிச் சங்கங்கள் இந்தக் கணக்கைப் பற்றி ஒரு நாளாவது வாய் திறந்திருக்கின்றனவா?

அவர்கள் பேசமாட்டார்கள். பேசினால் அவர்கள் கூரை சரியும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் வாசித்த கட்டுரையின் சாரம் உங்களுக்குத் தெரியும். அகமணம்தான் சாதியின் உயிர். அந்த அகமணத்தைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் எல்லாம் என்று விளக்கினார். அதாவது பெண்ணின் உடலைக் கட்டுப்படுத்தாமல் சாதியைக் கட்டிக்காக்க முடியாது. 'நீ எனக்குச் சொந்தம், யாரோடு பேசலாம் என்று நான்தான் முடிவு செய்வேன்' என்கிற மனநிலை அந்தக் காவலில் இருந்து வந்ததுதான். சாதியை மீறிக் காதலிக்கிற ஒருவன் அந்த மனநிலையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதைக் கழற்ற வேறு ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

நம் முன்னோடிகள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், சாதி பார்க்காமல் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதே மாநாட்டில், ஒத்துவராத திருமணத்தை விட்டு விலகும் உரிமையும் பெண்களுக்குச் சமமான சொத்துரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மூன்றையும் சேர்த்தே வைத்தார்கள். பெரியார் திருமணத்தை ஒப்பந்தம் என்று சொன்னதன் பொருளும் அதுதான். இரண்டு பேர் விருப்பத்தால் வந்தது, விருப்பம் போனால் முடியலாம். நாம் முதல் தீர்மானத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துபோனோம். சேர்வதற்குக் காவல் நின்றோம். பிரிவதற்கு வந்தவளிடம் "பொறுத்துக்கோ" என்றோம்.

இப்போது உங்கள் வயதுக்காரர்களிடம் வருகிறேன்.

பொள்ளாச்சி வழக்கு உங்களில் பலர் பள்ளியில் படிக்கும்போது வெடித்தது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தார். நட்பாகப் பழகி, நம்பவைத்து அழைத்துப் போய், வன்முறை செய்து, அதைப் படம் எடுத்து, அந்தப் படத்தை வைத்தே மறுபடி மறுபடி மிரட்டிய ஒரு கூட்டம் வெளியே வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. ஆறு ஆண்டுகள் அந்தப் பெண்கள் உறுதியாக நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது.

அந்தக் கூட்டத்தின் கையில் இருந்த ஆயுதம் என்ன? செல்பேசி என்று சொல்வீர்கள். செல்பேசியில் இருந்த படத்துக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? "இதை உன் வீட்டுக்கு அனுப்புவேன்" என்றதும் ஒரு பெண் ஏன் நடுங்குகிறாள்? வீட்டில் தன்னைத் தான் குற்றவாளி ஆக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். படிப்பை நிறுத்துவார்கள், போனைப் பிடுங்குவார்கள், கிடைத்தவனுக்குக் கட்டிவைப்பார்கள். மிரட்டுகிறவன் அவளுடைய வீட்டையும் ஊரையும் நம்பித்தான் மிரட்டுகிறான்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்ததும் இதே மாதிரிதான். மாணவி தன் நண்பரோடு இருந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் காட்டித்தான் மிரட்டினான். ஓர் ஆணோடு தனியாக இருந்தாள் என்பதே குற்றம் என்று நம்புகிற சமூகத்தில்தான் அந்த மிரட்டல் செல்லுபடியாகும். அரசு இயந்திரமும் இதில் சளைத்தது இல்லை. பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. இரண்டு முறையும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே வன்முறையைத் தடுக்க விரும்புகிற இளைஞர்களுக்கு முதல் வேலை, இந்த மானம் என்கிற ஆயுதத்தின் தோட்டாவை உருவிப் போடுவது. உங்கள் தோழி ஒருத்தியின் படம் உங்கள் போனுக்கு வருகிறது என்று வையுங்கள். அதை இன்னொருவருக்கு அனுப்பினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான், சட்டப்படியும் குற்றவாளிதான். அனுப்பாமல் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டால் யோக்கியர் ஆகிவிட முடியாது. "இது உன்கிட்ட எப்படி வந்துச்சு? இப்பவே அழி, இனி யாருக்கும் அனுப்பாத" என்று அனுப்பியவனிடம் கேட்க வேண்டும். பிறகு அந்தத் தோழியிடம் போய், "உன் மேல எந்தத் தப்பும் இல்ல. புகார் கொடுக்கப் போனா நான் கூட வரேன்" என்று சொல்ல வேண்டும். வந்த செய்தி யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதைச் சான்றாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகார் உதவி கேட்கலாம்.

இரண்டாவது, வன்முறையை அடி விழுவதற்கு முன்பே அடையாளம் காணப் பழக வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன்பே கை முறுக்கப்பட்டது. அவளுடைய தோழிகளுக்கு அது தெரியும். "பொசசிவ்வா இருக்கான், அவ்ளோ லவ்வு" என்றார்களாம். பாஸ்வேர்ட் கேட்பது, லொகேஷன் அனுப்பச் சொல்வது, என்ன உடை போடலாம் என்று சொல்வது, ஒவ்வொரு தோழியாக வெட்டிவிடச் சொல்வது, பேசாவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன் என்பது, அடித்துவிட்டு அழுவது. இவற்றில் ஒன்றுக்குக்கூடக் காதல் என்று பெயர் இல்லை. உங்கள் அப்பா இதையே செய்தால் ஆணாதிக்கம் என்கிறீர்கள். காதலன் செய்தால் அக்கறை என்கிறீர்கள்.

மூன்றாவது, இசைவு. சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி 1972இல் காவல் நிலையத்தில் வைத்துக் காவலர்களால் வன்புணர்வு செய்யப்பட்டாள். அவள் உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடியதற்கான அடையாளம் இல்லை என்ற வாதத்தை ஏற்று உச்சநீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் உச்சநீதிமன்றத்துக்கே திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013இல் மீண்டும் திருத்தப்பட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 63ஆம் பிரிவிலும் அந்த விளக்கம் இருக்கிறது: இசைவு என்பது தெளிவாக, தன் விருப்பத்தோடு வெளிப்படுத்தப்பட வேண்டும், உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே அது இசைவு ஆகிவிடாது. ஒரு பழங்குடிச் சிறுமிக்கு மறுக்கப்பட்ட நீதியில் இருந்து தொடங்கி, நாற்பது ஆண்டு போராட்டத்தில் வந்த விளக்கம் இது. நேற்று 'சரி' என்றவள் இன்று 'வேண்டாம்' எனலாம். பயத்தில் பேசாமல் இருப்பவள் சம்மதித்தவள் ஆகமாட்டாள். ஆனால் கணவன் செய்தால் மட்டும் அது வன்புணர்வு இல்லை என்கிற விதிவிலக்கை, 2013இல் நீதிபதி வர்மா குழு நீக்கச் சொல்லியும், இன்றுவரை விட்டு வைத்திருக்கிறார்கள். அதை நீக்கச் சொல்லும் போராட்டம் நம்முடையதும்தான்.

இங்கே இருக்கிற ஆண் தோழர்களே, உங்களோடு கொஞ்சம் தனியாகப் பேசவேண்டும். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. 'வேண்டாம்' என்ற சொல்லைத் தாங்குவதற்கு நம் பையன்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேண்டாம் என்றவளைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பவனைத் திரையில் கதாநாயகன் என்கிறோம். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். பின்தொடர்வதும் மிரட்டுவதும் முற்றிக் கொலையில் முடிவதற்கு இப்படி எத்தனை ரயில் நிலையங்கள், எத்தனை கல்லூரி வாசல்கள் சாட்சி! கொலைக்கு முந்தைய நாட்களைப் பற்றி யோசியுங்கள். இப்படித் துரத்துகிறவன் எவனும் தனியாக இருப்பதில்லை. அவள் எந்தப் பேருந்தில் வருவாள் என்று விசாரித்துச் சொல்ல ஒருவன், எண் வாங்கித் தர ஒருவன், "விடாத மச்சி, மடங்கிடுவா" என்று ஏற்றிவிட நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவர், "டேய், அவ வேணாம்னு சொல்லிட்டா. விட்டுடு. வா, டீ குடிக்கலாம்" என்று சொல்லியிருந்தால்? கொலை நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. துரத்துவதற்குக் கூட்டம் கிடைக்காமல் போயிருக்கும்.

இது என் ஆசையில் இருந்து மட்டும் சொல்லும் பேச்சு இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சேக்ரமென்டோ பகுதியின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிகளில் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். பயிற்சியாளர்கள் தங்கள் அணிப் பையன்களோடு வாரம் ஒருமுறை, பத்துப் பதினைந்து நிமிடம், பெண்களை மதிப்பது பற்றியும் காதல் உறவில் வன்முறை பற்றியும் பேசினார்கள். ஒரு விளையாட்டுப் பருவம் முழுக்கப் பேசினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பேச்சு நடந்த பள்ளிகளில், காதலியிடம் வன்முறை செய்ததாகப் பையன்களே சொன்ன அளவு மற்றப் பள்ளிகளைவிடக் குறைவாக இருந்தது. மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்களை வைத்தும் இதே போன்ற வேலை நடந்திருக்கிறது. இதில் நமக்கு என்ன பாடம்? ஆண்டுக்கு ஒருநாள் அதிகாரி ஒருவரை அழைத்து அரங்கில் பேசவைத்து, கைதட்டிக் கலைவதில் பெரிய பயன் இல்லை. பையன்கள் மதிக்கிற ஒருவர், அவர்கள் கூடுகிற இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்பப் பேச வேண்டும். உங்கள் ஊர்க் கபடிக் குழுவின் அண்ணன், பறைப் பயிற்சி கொடுக்கிற தோழர், இரவுப் பாடசாலை நடத்துகிறவர், விடுதி மாணவர் தலைவர் இவர்களை முதலில் பிடியுங்கள்.

சாதி இதில் வேறொரு வழியிலும் நுழைகிறது. தலித் மாணவிகள் என்னிடம் தனியாக வந்து சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். பழகும்போது சாதி தெரியாது, திருமணம் என்று வந்ததும் "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்பான். இரண்டு ஆண்டுகள் தெரியாத வீடு அன்றைக்குத்தான் தெரியுமா? பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்று தெரிந்தே, அவள் இசைவு இல்லாமல் பாலியல் நோக்கத்தோடு தொடுவதும், அவளைப் பாலியல் ரீதியாக இழிவுபடுத்திப் பேசுவதும் 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தனிக் குற்றம். புகார் எழுதும்போது இந்தச் சட்டத்தை விட்டுவிடாமல் சேர்க்கச் சொல்லுங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். அதே போக்சோவைச் சாதி மறுத்துக் காதலிக்கும் பதின்வயதுப் பிள்ளைகள் மீது பெற்றோர் ஏவுவதும் நடக்கிறது. பதின்வயதுக் காதலை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்து தண்டிப்பது சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் சொன்னது. சட்டத்தை யார் கையில் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் பார்க்கத் தெரிய வேண்டும்.

நாளைக்கே உங்கள் தோழி ஒருத்தி வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் செய்யாதீர்கள். முதலில் நம்புங்கள். "ஏன் போன, ஏன் முன்னாடியே சொல்லல" என்று விசாரணை செய்யாதீர்கள். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவனை அடிக்கக் கிளம்பாதீர்கள். அதன் விலையையும் அவள்தான் கொடுப்பாள். "உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். பிரிகிற நேரம்தான் பல பெண்களுக்கு உயிருக்கு ஆபத்தான நேரம். ஆகவே எங்கே தங்குவாள், யார் உடன் இருப்பார், சான்றிதழ்களும் ஆதார் அட்டையும் யாரிடம் இருக்கும் என்று திட்டமிட்டு வெளியே கொண்டுவாருங்கள். 181 பெண்கள் உதவி எண். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையமும், சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரும் இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தாலி கட்டாமல் இணைந்து வாழ்பவர்களுக்கும் பொருந்தும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், தனியார் மருத்துவமனை உட்பட, உடனடியாகக் கட்டணமில்லாமல் சிகிச்சை தர வேண்டும். இந்த விவரங்களை உங்கள் போனில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேட முடியாது.

சாதி மறுத்து வந்த பெண்ணுக்கு இன்னொரு பிரச்சினை கூடுதலாக உண்டு. மற்றப் பெண்கள் அடி தாங்க முடியாவிட்டால் அம்மா வீட்டுக்கு ஒரு பை எடுத்துக்கொண்டு போவார்கள். இவளுக்கு அந்த வீடு கிடையாது. திரும்பிப் போனால் உயிர் மிஞ்சுமா என்றே தெரியாது. இது அடிக்கிறவனுக்கும் நன்றாகத் தெரியும். "எங்க போயிடுவ?" என்று அவன் கேட்பது அதனால்தான். அவளுக்குப் போவதற்கு ஓர் இடமாக நாம் இருக்க வேண்டும். அந்த வீட்டை விட்டு அவள் வெளியே வரத் துணை நின்றவர்கள் நாம் என்றால், அடுத்த வீட்டை விட்டு வெளியே வரவும் துணை நிற்கும் கடமை நமக்கு இருக்கிறது.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நினைப்பீர்கள். இரண்டு மாதம் கழித்து, எங்களில் ஒருவரிடமும் சொல்லாமல், தானாகவே வெளியேறினாள். கூடப் படித்த ஒருத்தியின் உதவியோடு வேறு ஊரில் பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று ஆண்டுகள் கழித்து அவள் எண்ணைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அக்கா, எங்க அப்பா அடிச்சப்ப அது சாதிக்காகன்னு எனக்குத் தெரியும். அதனால எதிர்த்து நிக்க முடிஞ்சுது. இவன் அடிச்சப்ப அது எதுக்குன்னே தெரியல. நீங்களாவது பேரு சொல்வீங்கன்னு நினைச்சு வந்தேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சாதி மறுப்புத் திருமணத்துக்கு உதவி கேட்டு இணையர் வந்தால், இருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறோம். "இவரைப் பார்த்து எப்போதாவது பயந்திருக்கிறாயா?" என்று கேட்கிறோம். பெண்ணின் சான்றிதழ்களும் வங்கிக் கணக்கும் அவள் கையிலேயே இருக்கச் சொல்கிறோம். ஒரு பெண் தோழரின் எண்ணைக் கொடுக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்களே போய்ப் பார்க்கிறோம். பையனிடமும் சொல்கிறோம்: "நாங்க சாட்சி கையெழுத்துப் போடுறது உன் பக்கத்துக்கு மட்டும் இல்ல தம்பி." சிலர் முகம் சுளிக்கிறார்கள். வாழ்த்து வாங்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். பரவாயில்லை என்று விட்டுவிடுகிறோம்.

உங்கள் கல்லூரிகளில், உங்கள் வாசகர் வட்டங்களில், உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இதைத் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை, பத்துப் பேர் உட்கார்ந்து, ஓர் அரைமணி நேரம் பேசுங்கள். நம் அமைப்புக்குள்ளேயே ஒருவன் செய்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசினால், பத்து ஆண்டு கழித்து நீங்களும் என்னைப் போல மேடையில் நின்று இப்படி ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்விகள் இருக்கும். எல்லோர் முன்னாலும் கேட்க முடியாதவர்கள் தேநீர் இடைவேளையில் வாருங்கள். பின்பக்கம் வேப்ப மரத்தடியில் இருப்பேன்.